கம்ப்யூட்டர் பாத்த கலிங்கு

...கம்ப்யூட்டராம், பெரிய கம்ப்யூட்டரு. அந்த மிஷினத் தூக்கியாந்து இந்தச் சேத்துல நிறுத்தணும். தகரத்த அப்பறம் நிமித்தலாம் செல்லக்கண்ணு, இப்பிடி உக்காரு. வாய்க்கா ஒடைஞ்சு ஒன் ஊட்டுச் செவுரு போச்சு, முட்டக்கோசு பூரா போச்சு. வாய்க்கா வாட்சர் அய்யாவு என்ன பண்ணுனான்னு என்னையக் கேக்குறாங்க தங்கச்சி. என்னைய. அந்த இன்ஜினியர் மோசஸக் கேக்க ஒருத்தனுக்கும் வாயில்ல.

நாடா புடிச்சு அளந்தாரே மகராசன். வாய்க்கா செவுத்துல ஒரு பக்கம் தணிவா உட்டுருக்குதே கலிங்கு, மிச்சத் தண்ணி வழிஞ்சு ஓடைக்குப் போக... அதோட உசரம், நீளம் எல்லாத்தையும் அட்டையில ஓட்டை போட்டு, மெட்ராஸ்ல ஒரு மிஷினுக்குத் திங்கக் குடுத்தாராம். அது கட்டுக் கட்டாக் காயிதம் கக்குச்சாம். கலிங்கு தலமாட்டுல தண்ணி ஒரு ஆழம், கால்மாட்டுல வேற ஆழமாம். அட, இதச் சொல்ல மிஷினு வேணுமா? எட்டு வருசமா அங்கதான நிக்கிறேன், எனக்குத் தெரியாதா?

எப்பேர்ப்பட்ட மழையானாலும் மிச்சத் தண்ணி கலிங்குல வழிஞ்சிரும், கீழ ஊடு கட்டலாம்னு எழுதிக் குடுத்தாரு. சிலோன்ல இருந்து வந்தவ, பாவம், நீயும் நம்பிக் கட்டுன. முந்தாநாளு வழிஞ்சுச்சா? அத்தனையும் நேரா ஒன் ஊட்டுக்குத்தான வந்துச்சு.

என்னது... அளவு தப்பா? எப்பிடித் தப்பாகும்? நாடாவோட ஒரு முனை என் கையிலதான இருந்துச்சு. மொத நாளே கலிங்கத் தேச்சுக் கழுவி வச்சேன் தெரியுமா? அங்க சிலோன் தோட்டத்துல தொர வாராருன்னா நம்ம லயத்து ஊட்டு வரிசைக்கெல்லாம் சுண்ணாம்பு அடிப்போமே, அந்தப் பழக்கம் போகுமா? மேல அடுக்கியிருந்த மண்ணுக் கட்டியெல்லாம் எடுத்துப் பொதருக்குள்ள ஒளிச்சுட்டேன்ல.

அதுவா... புல்லோட பேத்த கட்டி, ஒரு முழ உசரம். வருசா வருசம் வைக்கிறதுதான். தண்ணி வழியாம நேரா கீழ வந்தாத்தான என் கேரட்டுக்குப் பத்தும். அவங்க ஜீப்பு வளைவு திரும்புனதும் மறுபடி அடுக்கிட்டேன். அதுக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன...

என்ன தங்கச்சி, அப்பிடிப் பாக்குற. மம்பட்டிய எதுக்கு எடுக்குற... கலிங்குக்கா? இரு, மேல வழுக்கும். மழ உட்டதும் நானே எடுத்துப் போட்டுர்றேன். செல்லக்கண்ணு, நில்லு... கேரட்டு புடுங்க இன்னும் பத்து நாளுதான் இருக்குது.