கிட்டார் நெக்குக்கு வாஷ் டெஸ்ட்

மாதிரியை இரு தரப்பும் ஒப்புக்கொண்ட பிறகே உற்பத்தியைத் தொடங்க வேண்டும். பனியன் தொழிலில் இந்த விதியை அறியாதவர் இல்லை. அவிநாசி பேருந்தில் என் முன்னிருக்கைக்காரர், பனியன் கம்பெனி நடத்துபவர், அதைத் தாம் செய்யக் கொடுத்த எலெக்ட்ரிக் கிட்டாருக்கும் பொருத்தியிருந்தார்.

"நெக்குக்கு, அதான் கையில புடிக்கற தண்டுக்கு, மேப்பிள் மரம்னு சொல்லி கிட்டார் செய்யறவன் ஒரு துண்டு குடுத்தானுங்க. வாஷ் டெஸ்ட் போட்டேன், முறுக்கிக்கிச்சு."

"மரத்தையா மிஷின்ல போட்டீங்க?" என்றார் பக்கத்திலிருந்த நண்பர்.

"நாப்பது டிகிரிலதானுங்க. நல்ல மரம்னா தாங்கோணுமில்ல?"

"கிட்டாரு வாசிக்கறதுக்கா, துவைக்கறதுக்கா?"

"சிரிக்காதீங்க. நெக்கை பாடியோட ஒட்டிட்டா உள்ள என்ன மரம்னு யாருக்குத் தெரியும்? அதுக்குத்தான் ஒட்டலாம், ஒட்டலாம்ங்கறான். ஸ்க்ரூ போட்டா கழட்டிப் பாக்கலாமில்ல? ஒட்டாதீங்க, ஸ்க்ரூவே போடுங்கன்னு திங்கக்கிழமையே மெசேஜ் போட்டேன். சத்தமே இல்லீங்க."

திருமுருகன்பூண்டி நிறுத்தத்தில் அவருடைய கைபேசி ஒலித்தது. பார்த்துவிட்டு நண்பரிடம் நீட்டினார். நண்பர் உரக்கப் படித்தார்: "நெக் ஒட்டிக் காய வெச்சாச்சுங்க. சூப்பரா இருக்குது."

பதில் வந்த நாள் வெள்ளிக்கிழமை.