கடைக்குள்ளயே அடிச்ச கேள்வித்தாள்

புள்ளைய எந்தக் காலேஜ்ல சேர்க்கணும், என்ன படிக்க வைக்கணும்னு கேட்டுத்தானே என்னைய இங்க கூப்பிட்டிருக்கீங்க? சொல்றேன்... சொல்றேன். அதுக்கு முன்னாடி எல்லாரும் எங்கூட ஒரு கடைக்கு வாங்க. சின்னக் கதைதான், கையில இருக்கிற காபி ஆறுறதுக்குள்ள முடிச்சிருவேன்.

நம்ம கோவில்பட்டியில ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடை. சனிக்கிழமை மத்தியானம். நானும் அங்க நிக்கிறேன். எதுக்கு? டேப்லெட் வாங்க! லேப்டாப்பைத் தூக்கித் தூக்கி எனக்குத் தோள்பட்டையே கழண்டு போச்சுங்க. "சார், இந்த மாடலை வாங்குங்க, அப்புறம் லேப்டாப்பே தேவையில்ல"ன்னு பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாரு. அவர் சொன்னாரா... நான் யோசிக்கவே இல்ல. பளபளன்னு பெரிய திரை. பில்லும் போட்டாச்சு, பையிலயும் வாங்கியாச்சு!

அப்ப உள்ள வர்றாங்க ஜெபக்கனி. மார்க்கெட்டுக்குப் போயிட்டு நேரா வந்திருக்காங்க, பையில இருந்து வெண்டைக்காய் எட்டிப் பாக்குது. அவங்க யாரு? பள்ளிக்கூடங்களுக்குக் கேள்வித்தாள் டைப் அடிச்சுக் கொடுக்கிறவங்க. வாத்தியாருங்க கோழி கிண்டின மாதிரி எழுதித் தர்றதைப் படிச்சு, அழகா அடிச்சுக் கொடுக்கணும். அதுலதான் அவங்க வீடு ஓடுது. அரையாண்டுப் பரீட்சை நெருங்குற நேரம் பாத்து, அவங்க லேப்டாப் படுத்திருச்சு. திங்கட்கிழமை காலையில தாள் வரலேன்னா வேற ஆளைப் பாத்துக்கிறோம்னு மூணு பள்ளிக்கூடமும் சொல்லிட்டாங்க. புது லேப்டாப் வாங்க வசதி இல்ல. கையில இருக்கிற காசு ஒரு டேப்லெட்டுக்குத்தான் காணும். தப்பானதை வாங்கிட்டா? அவ்வளவுதான்... இன்னொண்ணு வாங்க வழியே கிடையாது.

சேல்ஸ்மேன் ஆரம்பிச்சாரு. "அக்கா! பதினோரு இன்ச்! எட்டு ஜிபி! கேமராவைப் பாருங்கக்கா, எறும்போட மீசை கூடத் தெரியும்!"

"எறும்போட மீசையைப் பாத்து நான் என்ன தம்பி பண்ணப் போறேன்? இதுல ஒரு கேள்வித்தாள் அடிச்சுப் பாக்கட்டுமா?"

"எங்க... இங்கயேவா?"

"இங்கயேதான். வெண்டைக்காய் வாங்குனா நுனியை ஒடிச்சுப் பாக்குறோம்ல? ஒரு காய்க்கே அப்படின்னா, இதுக்குப் பாக்க வேண்டாமா?"

"அப்படியெல்லாம் யாரும் கேட்டதே இல்லக்கா."

"அதான் நான் கேக்குறேன்ல!"

ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்துட்டாங்க. பையில இருந்து கையெழுத்துத் தாள் நாலு வெளிய வருது. சேல்ஸ்மேன் எடுத்துக் கொடுத்தது எதை? நான் வாங்கினேனே... அதையேதான்! எனக்கு ஒரே பெருமை, நெஞ்சை நிமித்திக்கிட்டு நிக்கிறேன். அந்தம்மா அடிக்கிறாங்க பாருங்க... டடடடடன்னு! விரல் முன்னாடி ஓடுது, எழுத்து பின்னாடி நொண்டிக்கிட்டு வருது. சரி, போகட்டும். அடுத்து 'பொருத்துக'. இடது பக்கம் அஞ்சு, வலது பக்கம் அஞ்சு, நடுவுல கோடு. "பிரிண்ட் எடுங்க தம்பி"ன்னாங்க. வந்துச்சுங்க தாளு... வலது பக்கம் இருந்ததெல்லாம் பொத்துன்னு கீழ விழுந்து கிடக்குது! எதை எதோட பொருத்துறது? நான் என் பையை மெல்ல முதுகுக்குப் பின்னாடி ஒளிச்சுக்கிட்டேன்.

"வேற காட்டுங்க."

வேற ஒண்ணு வந்துச்சு. பாக்க ரொம்ப சுமாரு. திரை சின்னது, விலையும் கம்மி. ஆனா கீபோர்டை மாட்டினதும் கம்ப்யூட்டர் மாதிரியே ஆயிருச்சு. மறுபடி முதல் கேள்வியில இருந்து அடிக்கிறாங்க. டிவி வாங்க வந்தவங்க, மிக்சி வாங்க வந்தவங்க, அத்தனை பேரும் சுத்தி நின்னுட்டாங்க. பில் போடுறவரே எந்திரிச்சு வந்துட்டாரு! பிரிண்ட் எடுத்தா... அடடா! கட்டம் கட்டமா, ஒரு கோடு கோணல் இல்ல! கடையே கை தட்டுது!

அந்தச் சத்தத்துக்கு நடுவுல... ஒரு 'கிளிக்'. பின்னாடி நின்ன ஒரு அம்மா செல்போன்ல அந்தத் தாளைப் படம் பிடிச்சுட்டாங்க! கேட்டா, "எம் மவன் பன்னெண்டாவது படிக்கிறான்..."னு இழுக்குறாங்க. போச்சுடா! கேள்வித்தாள் வெளிய போயிருச்சு, இனி ஜெபக்கனிய நம்பி எவன் வேலை கொடுப்பான்னு எனக்குப் பதறுது.

ஜெபக்கனி நிமிந்து பாத்தாங்க. சிரிச்சாங்க. "தாராளமா எடுத்துக்கோங்கக்கா. தம்பியை நல்லாப் படிக்கச் சொல்லுங்க. இது போன வருசத்துக் கேள்வித்தாள்!"

சிரிக்கிறீங்களா? நல்லாச் சிரிங்க. அந்தச் சுமாரான டேப்லெட்டை வாங்கிட்டுப் போனாங்க. திங்கட்கிழமை காலையில மூணு பள்ளிக்கூடத்துக்கும் கேள்வித்தாள் போய்ச் சேந்துருச்சு. இன்னைக்கு வரைக்கும் அந்த வேலை அவங்க கையிலதான் இருக்கு.

இப்ப உங்க கதைக்கு வருவோம். காலேஜ் பாக்கப் போனீங்களே, என்னத்தைப் பாத்தீங்க? பெரிய கட்டடம், ஏசி பஸ்சு, வாசல்ல நீரூற்று... எல்லாம் எறும்போட மீசை! நர்சிங் சேர்க்கப் போறேங்கிறீங்களேம்மா, ரத்தத்தைப் பாத்தா உங்க பொண்ணுக்குத் தலை சுத்துமான்னு கேட்டீங்களா? சிவில் இன்ஜினியரிங்னு துடிக்கிறீங்களேய்யா, உங்க பையன் ஒரு நாள், ஒரே ஒரு நாள், கட்டடம் கட்டுற இடத்துல வெயில்ல நின்னு பாத்திருக்கானா? வெண்டைக்காய்க்கு நுனி ஒடிச்ச கை, புள்ளையோட படிப்புக்கு மட்டும் ஏன் கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடுது?

அங்க ஒரு தம்பி கேக்குறாரு... "சார், உங்க டேப்லெட் என்னாச்சு?" இந்தா, என் கையைப் பாருங்க. இன்னைக்குப் பேசுறதுக்கான குறிப்பு அத்தனையும் எதுல இருக்கு? தாள்ல! அந்த டேப்லெட்டுல எங்க வீட்டம்மா சீரியல் பாக்குறாங்க.

டேப்லெட்டுதானே, பாத்துட்டுப் போகட்டும். நாலு வருசத்தைத் தப்பா வாங்கிட்டா... அதை எந்தக் கடையில கொண்டுபோய்த் திருப்பிக் கொடுப்பீங்க?