பிரேக்கையும் எழுதிக்க

—இறங்குங்கண்ணே. சீட்டுக்கு அடியில துரு இருக்கான்னு பாக்கணும்.

—அங்க ஒண்ணும் இல்ல. வெளியில பாத்தத எழுது. ஆயில் கசிவு எழுதினியா?

—எழுதிட்டேன். முன்பக்க ஷாக் அப்சார்பர் ரெண்டும் போச்சு. டைமிங் பெல்ட் மாத்தணும். கூரையா மடிச்சு விரிக்கற மேல்துணி ஒழுகுது. மெக்கானிக் நானே இத்தனையும் எழுதி நீட்டினா, வாங்க வர்றவரு வந்த வழியே போயிடுவாரு.

—போகட்டும். மறைச்சு விக்கற பழக்கம் எனக்கில்ல. எத்தனை கிலோமீட்டர்னு போட்ட?

—மூணு லட்சத்துப் பதினோராயிரம். மீட்டருக்கே மூச்சு வாங்குது.

—இருபது வருஷம்டா. மருந்துக் கம்பெனிக்கு ஊர் ஊரா ஆர்டர் எடுத்தேன். கூட வேலை பாத்தவன் எல்லாம் பஸ்ல தொங்கிட்டுப் போனான். நான் இதுல போனேன்.

—ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிட்டு வந்து குடும்பம் நடத்தறாருன்னு அண்ணி இன்னைக்கும்...

—மாமியார் ஏற முடியாதுன்னு பாத்துத்தான் வாங்கினேன். அது இன்னும் உங்க அண்ணிக்குத் தெரியாது.

—சொல்லிடவா?

—சொல்லிட்டு நீ உயிரோட இரு பாப்போம்.

—அவங்க எங்க, சத்தத்தையே காணோம்?

—பொண்ணு வீட்டுக்குப் போயிருக்கா. சாயங்காலம்தான் வருவா. அதுக்குள்ள வண்டி போயிடணும்... பேச்சை மாத்தாத. பிரேக்கையும் எழுதிக்க.

—பிரேக்கையா?

—என்ன முழிக்கற? பிரேக் பிடிக்கலன்னு எழுது.

—அத எதுக்குண்ணே... நான்தான் பாத்துக் குடுத்தேன்ல?

—மூணு தடவ பாத்த. மூணு தடவையும் ‘இனிமே கல்லு மாதிரி நிக்கும்’ன்ன. நின்னுச்சா? போன வாரம் கேட்டை இடிச்சேனே?

—கேட்டுதானே. இடிச்ச இடத்துல பெயின்ட்கூட நானே...

—கேட்டைத் திறந்துவிட்டது யாருன்னு உன்கிட்ட சொல்லல.

—யாரு?

—பேத்தி. திறந்துட்டு ஓரமா நகர்ந்தா. அவ நகர்ந்ததுக்கும் நான் போய் இடிச்சதுக்கும் நடுவுல... ஒரு தும்மல் போடற நேரம்கூட இல்லடா.

—அண்ணே...

—‘ஏன் தாத்தா, பிரேக் போடலையா’ன்னு கேட்டா. பிரேக் பிடிக்கலம்மான்னேன். பாவம், வீட்ல எல்லார்கிட்டயும் அதையே சொல்லிட்டா. எனக்காக வண்டியத் திட்டிக்கிட்டு இருக்கா.

—அண்ணி என்ன சொன்னாங்க?

—முதல்ல வண்டிய வித்துத் தொலைங்கன்னா. அதான் விக்கறேன். வாங்க வர்றவன் போன்ல பேசினான். கல்யாணமாகி மூணு மாசமாம். பொண்டாட்டியும் கூட வர்றாளாம். மேல்துணிய மடிச்சு விட்டுட்டு ரெண்டு பேரும் ஊர் சுத்தணுமாம். நீயே சொல்லு, நிக்காத வண்டிய அந்தச் சின்னஞ்சிறுசுங்க தலையில கட்டவா?

—அப்ப வேண்டாம்ணே. இன்னைக்கு அவங்கள வரவேண்டாம்னு சொல்லிடுங்க. வண்டி என் ஷெட்ல நிக்கட்டும்.

—எதுக்கு? நாலாவது தடவ பாக்கவா? பிரேக் சரியில்லன்னா இது யாருக்கும் வேண்டாம். உடைச்சு எடைக்குப் போட்டுடு.

—எடைக்கா? இந்த எஞ்சினையா? பெல்ட்டும் ஷாக்கும் மாத்தினா இன்னும் ஒரு லட்சம் அசராம ஓடும்ணே இது.

—ஓடி என்ன பண்ண? நிக்கணும்ல?

—நிக்கும்.

—என்ன சொன்ன?

—நிக்கும்ணே. பிரேக்குல ஒரு குறையும் இல்ல.

—அப்ப மூணு தடவையும் என்ன பண்ண?

—தொடச்சேன்... நீங்க விட்டுட்டுப் போனதும் ஓட்டிப் பாத்தேன். மிதிச்ச இடத்துல நிக்குது. சந்தேகத்துக்குக் கழட்டினேன், தொடச்சேன், திரும்ப மாட்டினேன். மூணு தடவையும் அதேதான்.

—அத என்கிட்ட சொல்ல உனக்கு வாய் வரல.

—எப்படிண்ணே சொல்லுவேன்? வண்டிய விட வந்தப்ப உங்க நடையப் பாத்தேன். வலது கால் தரையத் தேய்ச்சுக்கிட்டே வருது. நான் வாயத் திறந்தா அதுக்கப்புறம் நீங்க சாவியத் தொட மாட்டீங்க. அந்த முகத்தைப் பாக்க எனக்குத் தைரியம் இல்ல. பிள்ளை நின்னது தெரியாதுண்ணே... சத்தியமாத் தெரியாது.

—எனக்குத் தெரியும்.

—எது?

—நீ ஒண்ணும் மாத்தலங்கறது. பதினெட்டு வருஷமா, கழட்டின பழைய சாமானைக் கொண்டாந்து என் கையில வைக்காம நீ வண்டிய விட்டதில்ல. ஒரு சின்ன வாஷரா இருந்தாலும் காட்டுவ. பிரேக்குக்கு மட்டும் மூணு தடவையும் வெறுங்கையோட வந்து நின்ன.

—தெரிஞ்சுமா ஓட்டினீங்க?

—டாக்டர் போன வருஷமே சொல்லிட்டாரு. கால் நரம்பு போயிட்டு இருக்கு, இதுக்கு மருந்து கிடையாது, வண்டி ஓட்டறத விட்டுடுங்கன்னாரு. நீ வந்து ‘சரியாயிடுச்சுண்ணே’ன்னு சொல்லுவ... டாக்டரை விட்டுட்டு உன்ன நம்பினேன். பேத்தி அந்த ஓரத்துல நின்னு என்னப் பாத்தா பாரு, அதுவரைக்கும் நம்பினேன்.

—நாம ரெண்டு பேரும் சேர்ந்து அந்தப் பிள்ளைய...

—ஆமா. ரெண்டு பேரும்தான்... எழுது. பிரேக் நல்லா இருக்குன்னு எழுது.

—எழுதறேன்ணே... தெரு முனையில ஒரு பைக் வந்து நிக்குது. புருஷன் பொண்டாட்டி மாதிரிதான் தெரியுது. வீட்டு நம்பரப் பாத்துக்கிட்டே வர்றாங்க. இறங்குங்க, அவங்க உக்காந்து பாக்கணும்பாங்க.

—இந்தக் காகிதத்துக்காகவா உன்ன அவசரமாக் கூப்பிட்டேன்னு நினைச்ச?

—பின்ன?

—கடைசியா ஒரு தடவ உக்காந்து பாப்போம்னு காலைல ஒன்பது மணிக்கு உக்காந்தேன். மணி ரெண்டாகுது. எழுந்திரிக்க முடியலடா... அவங்க வந்து பாக்கறதுக்குள்ள என்னத் தூக்கி வெளியில விடு.