பைக்குள் இருந்த புது வளையங்கள்

பழைய கார் இன்ஜெக்டரைக் கழுவுகிறவனுக்குப் பொறுமை வேண்டும். ஊசிமுனைத் துளை அது. பெட்ரோல் அதிலிருந்து பனிபோலத் தூவ வேண்டும். ஒழுகினால் எஞ்சின் இருமும், கறுப்புப் புகை தள்ளும். என் மருமகன் தனேஷின் கார் அப்படி இருமிக்கொண்டுதான் என் பட்டறைக்கு வந்தது. எழுபத்தைந்தாம் ஆண்டுச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு இருக்கை, ஆறு இன்ஜெக்டர்.

"மாமா, ஒரு சிலிண்டர் அடிக்கவே மாட்டேங்குது. வெளில விட்டா கெடுத்துருவானுங்க லா. நீங்களே பாருங்க. அந்த லெஃப்ட் சைடு சீட் பெல்ட்டும் மாட்டுனா கழட்ட வர மாட்டேங்குது" என்றான்.

அவன் நம்பியதில் தவறில்லை. கிள்ளானை ஒட்டிய மேருவில் நாற்பத்திரண்டு ஆண்டுகளாகப் பட்டறை நடத்துகிறேன். என்னிடம் ஒரு முறை உண்டு. வேலை முடிந்ததும், கழற்றியதோ மிஞ்சியதோ, காரில் இல்லாத உதிரிகளை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, கார் எண்ணை எழுதி மேசைமேல் வைப்பேன். வாடிக்கையாளர் வந்து பார்த்துக்கொள்ளலாம். ஏமாற்று வேலை என் பட்டறையில் நடந்ததில்லை.

அவன்மேல் எனக்குக் கோபம் இருந்ததா என்று கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர். இல்லை. நல்ல பையன். குடிக்க மாட்டான். என் மகள் ஷாமினியைக் கை நீட்டி அடித்ததில்லை.

கிள்ளானில் எங்கள் கோயிலுக்கு நான் தலைவர். திருமணத் துணைப் பதிவாளரும் நானே. இருநூற்றுப் பதினோரு திருமணங்களுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒவ்வொரு தம்பதியையும் உட்காரவைத்து, இந்தக் கையெழுத்து அழியாது என்று சொல்லித்தான் அனுப்புவேன். ஷாமினியின் பத்திரத்திலும் என் கையெழுத்துதான் இருக்கிறது.

ஆறு ஆண்டு கழித்து அவள் பிரிக்ஃபீல்ட்ஸில் இருவரும் இருந்த வீட்டிலிருந்து பெட்டியோடு வந்தாள்.

"சண்டையெல்லாம் ஒண்ணும் இல்லப்பா. ரெண்டு பேருக்கும் முடிஞ்சி போச்சி, அவ்ளோதான். அடுத்த மாசம் டைவர்ஸ் மனு போடுறோம்."

"ஊர்ல என்ன சொல்வாங்க?"

"ஊரா வந்து என்கூட குடித்தனம் பண்ணுது?"

எங்கள் குடும்பத்தில் நான்கு தலைமுறையாக யாரும் இதற்காக நீதிமன்றப் படி ஏறியதில்லை. என் அக்கா உஷாராணி இருபத்தெட்டு வயதில் கணவனை இழந்தவள். இன்றும் அவள் கோயிலுக்குள் வந்தால் எழுந்து நின்று இடம் கொடுக்கிறார்கள். விதவைக்கு அந்த மரியாதை உண்டு. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து வந்தவளுக்கு யார் எழுந்து நிற்பார்கள்? ஷாமினிக்கு இரண்டு வழிதான் இருந்தது. தகப்பனாக நான் நல்லதைத் தேர்ந்தெடுத்தேன்.

இன்ஜெக்டர் ஆறையும் முறையாகக் கழுவினேன். ஒவ்வொன்றும் எப்படித் தூவுகிறது என்று கண்ணாடிக் குழாயில் வைத்துப் பார்த்தேன். அந்த வேலையில் யாரும் குறை காண முடியாது. திரும்பப் பொருத்தும்போது மட்டும், பெட்ரோல் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையங்களில், வெடித்துப்போன பழையவற்றையே போட்டேன். பெட்ரோல் குழாயும் பழையதுதான். கீழே புகைக்குழாய் சூடாகும் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த இடப்பக்கப் பெல்ட்டைத் தொடவில்லை. அந்தக் காரில் அவன் எப்போதும் தனியாகத்தான் போவான்.

ஆயுத பூஜை அன்று பட்டறையில் முப்பது பேர் இருந்தார்கள். இருவரும் சேர்ந்துதான் வர வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தேன். வந்தார்கள். சிவப்புக் காருக்கு மாலை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் நானே எலுமிச்சம்பழம் வைத்தேன்.

அக்கா ஷாமினியை மேலும் கீழும் பார்த்தாள். "என்னடி, காரு கழுத்துல கூட மாலை தொங்குது. உன் கழுத்து ஏன் வெறுமையா கெடக்கு? தாலிய சர்வீசுக்கு விட்டிருக்கியா?"

சிலர் சிரித்தார்கள். ஷாமினி தலை குனிந்தாள். தனேஷ்தான் பேச்சை மாற்றினான்.

"அத்தே, விடுங்க லா. ஷாமி, வா, ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம். தேத்தாரே டீ வாங்கித் தரேன்."

அவள் என்னைப் பார்த்தாள். ஏறாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முப்பது பேர் நின்றார்கள். கணவன் காரில் ஏற வேண்டாம் என்று தகப்பனே மகளுக்குச் சொன்னால் காரணம் கேட்பார்கள். அவள் ஏறினாள். எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. எஞ்சின் இருமவே இல்லை. எல்லாரும் கை தட்டினார்கள்.

நெடுஞ்சாலையில் பதினோரு நிமிடம் ஓடியபிறகு தீப்பிடித்திருக்கிறது. தனேஷ் முதலில் வெளியே குதித்துவிட்டானாம். பிறகு அவள் பக்கத்துக் கதவைத் திறந்து உள்ளே குனிந்தவன் திரும்பவில்லை என்று லோரி ஓட்டுநர் சொன்னார். முடிந்து போச்சி என்று சொன்ன இருவர் அவர்கள். கடைசியில் யார் சொன்னது சரி? நாளிதழில் இரங்கல் அறிவிப்புக்குக் கல்யாணப் படத்தையே கொடுத்தேன். ஒரே படம், இரண்டு பேர். மனு எதுவும் போடப்படவில்லை.

நீங்கள் என் மேசையில் கண்டெடுத்த பையில் புது வளையங்கள் பன்னிரண்டும் புதுக் குழாயும் இருந்தன. எண்ணை எழுதியது நான்தான். ஏன் தூக்கி எறியவில்லை என்று கேட்கிறீர்கள். காரில் இல்லாதது பையில் இருக்க வேண்டும். பொய்ப் பை வைக்க எனக்குத் தெரியாது.

அவள் ஏறி உட்கார்ந்தபோது குனிந்து என்ன சொன்னேன் என்பது உங்கள் கடைசிக் கேள்வி. பெல்ட்டை மாட்டிக்கொள் என்றேன். மாட்டும் சத்தம் கேட்கும்வரை நின்றேன். பெற்ற மகளின் பாதுகாப்பில் நான் ஒருநாளும் அலட்சியமாக இருந்ததில்லை.