நாப்பது பக்க ரிப்போர்ட்

பிரஷர் ஏறியிருக்கா? நூத்தி ஐம்பத்தெட்டா! ஐயோ டாக்டர், அது நானில்ல, நாளைக்கு இருக்கே மீட்டிங், அது. அஞ்சு நிமிஷம் விட்டு இன்னொரு தடவ அந்தப் பட்டையக் கட்டிப் பாருங்க. பத்தொம்போது வருஷமா ஆறு மாசத்துக்கு ஒரு தடவ உங்க முன்னாடி வந்து உக்கார்றேன், என்னிக்காவது ஏறியிருக்கா சொல்லுங்க. நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் நான் பைலட்டு. போடலன்னா, நெப்ராஸ்காவுல சோளக்காட்டப் பாத்துக்கிட்டு நிக்கிற அறுபத்தோரு வயசு ஆளு, அவ்ளோதான்.

மீட்டிங்கா? புது விமானம் வாங்குறோம். எங்க முதலாளி மார்லின் டீட்ரிக்கத் தெரியுமில்ல, வயலுக்குத் தண்ணி பாய்ச்சுற மெஷின் செய்யுறாரே, அவருதான். கர்ட், எது வேணும்னு நீ எழுதிக் குடு, நாளைக்கு போர்டுல முடிச்சிடுறேன்னுட்டாரு. நாப்பது பக்கம் எழுதிக் குடுத்திருக்கேன். படிக்கவே மாட்டாரு டாக்டர். கடைசிப் பக்கத்துல என்ன பேரு இருக்குன்னு பாப்பாரு, சரிம்பாரு. அவ்ளோ நம்பிக்கை என் மேல. அதனாலதான் இந்த நூத்தி ஐம்பத்தெட்டு.

சிரிக்காதீங்க. இது காரு வாங்குற கதை இல்ல. சின்னதா வாங்கினா முதலாளிக்குத் தலை இடிக்குது, பெருசா வாங்கினா பங்குதாரங்க வாயில விழணும். அதனால நடுவாந்தரம். விக்கிறவன் வந்து ஒம்போது சீட்டும்பான். எங்கயும் நிக்காம ரெண்டாயிரத்து எண்ணூறு மைலும்பான். ரெண்டுமே நெஜம்தான், ஆனா ஒரே நாள்ல நெஜமில்ல. ஒம்போது பேர ஏத்தினா டாங்க்க நிரப்ப முடியாது. டாங்க்க நிரப்பினா மூணு பேர எறக்கி விடணும். யார எறக்குவேன், மார்லினோட மச்சினனையா?

கழிச்சுக் கழிச்சு ரெண்டுல வந்து நின்னோம். டெனீஸ் அதுங்களுக்குக் கொக்கு, வாத்துன்னு பேரு வெச்சா. டெனீஸ் கூபிட், எங்க கோ-பைலட்டு, பதினோரு வருஷமா என் பக்கத்து சீட்டு. கொக்கு மூக்கு நீளம், எடம் கொஞ்சமா இருந்தாலும் எறங்கிடும். வாத்து உள்ள நல்ல அகலம், சோபா கணக்கா இருக்கும், ஆனா எறங்கினா ஓடும் பாருங்க, ஓடிக்கிட்டே இருக்கும்.

அவளுக்குக் கொக்குதான் வேணும். வயோமிங் மலைக்குள்ள எங்களுக்கு ஒரு ஃபேக்டரி இருக்கு, ஹார்லன் கேப்னு ஊரு. ஓடுபாதை குட்டை. ஊரோ உசரம். ஈரமானாலும், ஓரளவு பனி கெடந்தாலும் கொக்கு எறங்கிடும். வாத்துக்கு ஓடுபாதை காஞ்சு கெடக்கணும், இல்லன்னா தொண்ணூறு மைல் தள்ளி எறங்கி கணவாய் வழியா கார்ல போகணும். பிப்ரவரியில அந்தக் கணவாய் பாதி நாள் மூடித்தான் கெடக்கும்.

போன வருஷம் பிப்ரவரியிலதான் அங்க துத்தநாகம் உருக்குற தொட்டி தெறிச்சு ஒருத்தனுக்கு முதுகெல்லாம் வெந்துபோச்சு. கோல்பின்னு பேரு, சின்ன வயசு. நானும் டெனீஸும் பழைய விமானத்த எடுத்துக்கிட்டுப் போய்த் தூக்கிட்டு வந்தோம். அவன் பொண்டாட்டி பின்னாடி இருந்து, இன்னும் எவ்ளோ தூரம், இன்னும் எவ்ளோ தூரம்னு கேட்டுக்கிட்டே வந்தா. இப்பவும் காதுல கேக்குது. பொழச்சுட்டான். கிறிஸ்துமஸுக்கு எனக்குக் கார்டு போடுறான்.

நான் எழுதினது? வாத்து.

ஏன்னு கேக்குறீங்க. சீட்டு நல்லா இருக்கு, கழிவறைக்கு ஒழுங்கான கதவு இருக்கு, பராமரிப்பு ஈஸின்னு எழுதினேன். அப்புறம் ஹார்லன் கேப்புக்கு வருஷத்துக்கு நாலு தடவதான் போறோம்னும் எழுதினேன்.

முப்பத்தொண்ணு தடவ போறோம் டாக்டர்.

டெனீஸ் கண்ணுல பட்டுடுச்சு. விமானம் நிறுத்துற ஹேங்கர்ல உக்காந்து மத்தியானச் சாப்பாடு, பீன்ஸ் போட்ட சில்லிக் குழம்பும் லவங்கப்பட்டை போட்ட இனிப்பு பன்னும். பன்ன அப்படியே வெச்சுட்டு, கர்ட், இது டைப் அடிச்சவங்க தப்பான்னு கேட்டா. நான் தப்பிச்சுக்கக் கதவத் தொறந்து விட்டா, பாருங்க. ஆமான்னு சொல்லித் திருத்தியிருக்கலாம். உன் வேலையப் பாத்துக்கிட்டுப் போன்னுட்டேன். அன்னியிலேர்ந்து விமானத்துல ஏறினா செக்லிஸ்ட்டப் படிக்கிறா, அதத் தவிர ஒரு வார்த்த பேசுறதில்ல. நான் எதாவது ஜோக் அடிச்சாக்கூட, சொல்றது காதுல விழுந்துச்சு கேப்டன்ங்குறா. என்னப் போய்க் கேப்டன்ங்குறா!

கண்ணா? ம், படிக்கிறேன். எச், டி, என், ஓ, சி. கடைசி வரியே அதுதான். கழுகுக் கண்ணு, நீங்களே சொல்வீங்களே.

கொக்குல என்ன குறையா? பறக்குறதுல ஒரு குத்தமும் சொல்ல முடியாது. அம்சமா இருந்துச்சு. தரையிலதான் தகராறு. எங்க பழசத் தரையில காலாலயே திருப்பிக்கலாம், வாத்தும் அப்படித்தான். கொக்குல ஜன்னலோரமா ஒரு சின்னப் பிடி இருக்கு, முட்டை அளவுக்கு. இடது கை நுனி விரலால திருப்பணும். துளி அசஞ்சா மூக்கே அசையும். ஓட்டிப் பாத்த அன்னிக்கு, மஞ்சக் கோட்டு மேல நேராப் போக வேண்டியது, குடிகாரன் மாதிரி இங்கயும் அங்கயுமாப் போச்சு. விக்க வந்தவன் சிரிச்சான், புதுசுதானே, பழகிடும்னான். டெனீஸ் சிரிக்கல.

என்ன, கையா? ரெண்டையுமா? இத்தன வருஷத்துல நீங்க இதக் கேட்டதே இல்லையே.

ஓ, கடிகாரத்தப் பாத்தீங்களா. வலது கைக்கு மாத்தி நாளாச்சு. நீங்கதான் மொதல்ல கேக்குறீங்க.

சரி, இந்தாங்க வலது. கல்லு மாதிரி நிக்குது பாருங்க.

இந்தாங்க இதுவும். ஆமா. ஆகஸ்ட்லேர்ந்து இது நிக்கிறதே இல்ல. மேல போயிட்டா கண்ட்ரோலக் கெட்டியாப் பிடிச்சுக்குவேன், வெளிய தெரியாது. காலையில சட்டைப் பொத்தான் போடத்தான் கால் மணி நேரம் ஆகுது. அந்த முட்டை அளவு பிடியக் கெட்டியாப் பிடிக்க முடியாதே டாக்டர். அதுக்குத்தான் அந்த நாப்பது பக்கம்.

நீங்க உள்ளதையே எழுதுங்க, பரவால்ல. என் கோட்டுப் பையில போன் இருக்கும், அத மட்டும் எடுத்துக் குடுங்க. டெனீஸுக்குச் சொல்லணும். நாலு இல்ல, முப்பத்தொண்ணுன்னு.