பேகா தொடாத பாலேடு

“ஹலோ… ஹலோ, திஹோமிர்! அக்காடா. எத்தனை தடவை அடிக்கிறது? லாபோவோ ஸ்டேஷன்ல ரயில் ஆறு நிமிஷம்தான் நிக்கும், அதுக்குள்ள சொல்லு. பேகாவுக்கு என்ன?…”

ரயில் கண்டக்டர் தெசாங்கா தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

“ம்… ம்… மூக்கு காஞ்சிருக்கா? அதை வச்சா காய்ச்சல்னு முடிவு பண்ணே? அடுப்புப் பக்கத்துல தூங்கி எந்திரிச்சா எந்தப் பூனைக்கும் மூக்கு காயும்டா, மடையா! காதைத் தொடு… உள்பக்கம்… சுடுதா? பாதம்?… அதுவுமா! நடுங்குறாளா?… எப்போலேர்ந்து?… நேத்தே கட்டிலுக்கடியில போய் ஒளிஞ்சாளா? கோவிச்சுக்கிட்டான்னு விட்டுட்டியா? உன்னை நம்பிப் பூனையை விட்டுட்டு டூட்டிக்கு வந்தேன் பாரு!

“…என்னது? காத்து அடிச்சிருச்சா? ஆமா, உனக்கு எல்லாத்துக்கும் ரெண்டு ஜன்னலுக்கு நடுவுல வர்ற காத்துதான் காரணம். பல்லு வலிச்சாலும் காத்து, பொண்டாட்டி போனாலும் காத்து!

“…இரு. என்ன ஊத்துற சத்தம்?… ராக்கியாவா? சாக்ஸை அதுல நனைச்சு அவ கால்ல மாட்டப்போறியா? நமக்குக் காய்ச்சல்னா அம்மா மாட்டினாங்க, சரி. பேகா காலை நக்குவாடா! சாராயம் அவளுக்கு விஷம். மூடு பாட்டிலை. நீயும் குடிக்காத, கார் ஓட்டணும்.

“…ஆமா… ஆமா… வேற என்ன பண்ணே?… மாத்திரையா? உன் காய்ச்சல் மாத்திரையா?”

தெசாங்காவின் கை போனை நெரித்தது. எஞ்சினிலிருந்து டிரைவர் தலையை நீட்டினார். ‘பொறு’ என்று உள்ளங்கையைக் காட்டினாள்.

“அரைன்னா மட்டும்? ஒரு பூனை சாக அரை போதும்டா! எதுல வச்சே?… பாலேட்டுலயா? தின்னாளா?… தெரியலையா? போய்ப் பாருடா!… பாத்தியா?… சொல்லித் தொலை…

“…அப்படியே இருக்கா? பொடி மேலேயே தெரியுதா? ஒரு நக்குகூட?… நேத்திலேர்ந்தே எதையும் தொடலையா? பாவி, அதை முதல்ல சொல்ல வேண்டாமா? பாலேட்டுக்கு உயிரை விடுறவ மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா, அதுதான்டா காய்ச்சல்! அந்தக் காய்ச்சல்தான் உன்கிட்டேர்ந்து அவளைக் காப்பாத்தியிருக்கு!

“கொட்டு அதை. இப்பவே. தண்ணி விடுற சத்தம் எனக்குக் கேக்கணும்… ம். கூடையில தூக்கிப் போட்டுக்கிட்டு சந்தைக்குப் பின்னாடி மிருக டாக்டரம்மாகிட்ட போ. மாத்திரை விஷயத்தையும் சொல்லு… வெக்கமா இருக்கா? இருக்கட்டும்!

“போனை அவகிட்ட வை… பேகா… பேகாக்குட்டி… அக்கா வந்துடுவேன்டி…”

மறுமுனையில் ஒரு சீறல். அடுத்த நொடி, அலறல்.

“என்னடா?… கடிச்சிட்டாளா?… ரத்தமா?”

இரண்டு நிமிடத்தில் முதல்முறையாக தெசாங்கா மூச்சு விட்டாள்.

“கடிக்கத் தெம்பு இருக்குல்ல? ஓடுடா!… என்னது, முதல்ல கைக்கு ராக்கியாவா?”

தெசாங்கா ரயில் புறப்படுவதற்கான விசிலை வாயில் வைத்து, போனுக்குள்ளேயே நீளமாக ஊதினாள்.

அவள் படியில் ஏறிக்கொள்ள, ரயில் நகர்ந்தது. மறுமுனையில் கார் சாவி குலுங்கியது. லைன் கட்டாயிற்று.