வலது பக்கம் திரும்பிய குழாய்

வேலூரில் ஆம்பூர் பஸ் கிளம்பும்போது, ஷூ கம்பெனி சட்டையோடு ஒருவர் ஓடிவந்து ஏறி, எனக்கு முன்சீட்டிலிருந்த தன் கர்ப்பிணி மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"குழந்தைக்கு ரத்தம் கொண்டுபோற தொப்புள்கொடிக் குழாய் வலது பக்கம்தான் திரும்பியிருக்குதாம்!" என்றாள் அவள், சிரித்துக்கொண்டே.

"இடது பக்கம் திரும்பணும்னு போன ஸ்கேன்லயே சொன்னாங்களே. இன்னிக்கி இன்னா சொன்னாங்க?"

"இதயம், கிட்னி எல்லாம் ஒண்ணொண்ணா பாத்தாங்க. ஒரு குறையும் இல்லயாம். குழாய் மட்டும் வேற பக்கமா போவுது, பயப்படாதன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க."

"நெஜமாவா ஸ்டெல்லா? ஒரு வாரமா எனக்கு சோறே எறங்கல."

பள்ளிகொண்டாவில் பஸ் நின்றதும் அவர் எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினார். "அம்மா, குழந்த நல்லா இருக்குதாம்!" என்று அவர் கத்தியது பஸ் முழுக்கக் கேட்டது. விசிலை வாயில் வைத்த கண்டக்டர், அவர் பேசி முடிக்கும்வரை ஊதவில்லை.